'கெட்' ஒன்றும் கெட்ட வார்த்தை இல்லை

போன மாதம் என் மச்சினன் ஒரு கதவைத் தேடி அலைந்தான். சிங்கப்பூருக்கு எஸ் பாஸ் என்ற வேலை அனுமதியில் வந்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது, துவாஸ் பக்கம் ஒரு கட்டுமானத் தளத்தில் சைட் இன்ஜினீயர் வேலை. அங்கே ஒரு கன்டெய்னரைத்தான் ஆபீஸாக வைத்திருக்கிறார்கள். அதன் வாசலில், சுருட்டிய வரைபடங்களை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்தபடி ஆஸ்திரேலிய மேனேஜர் நின்றிருக்கிறார். இவனைப் பார்த்ததும் "கேன் யூ கெட் த டோர்?" என்று கேட்டிருக்கிறார். இவன் "யெஸ் சார்" என்று சொல்லிவிட்டு நேரே ஸ்டோருக்கு ஓடிவிட்டான். அன்றைக்குப் பார்த்துப் பன்னிரண்டு கதவுகள் லாரியில் வந்து இறங்கியிருந்தன. எந்த அளவு, எந்த மாடிக்கு என்று ஸ்டோர்காரர் கேட்க, திரும்ப ஓடிவந்து "விச் டோர் சார்?" என்று மேனேஜரிடமே கேட்டிருக்கிறான். அந்த மனிதர் முழங்கையால் எதிரே மூடியிருந்த கதவைக் காட்டினாராம்.

அன்று ராத்திரி எனக்குப் போன். "மச்சான், கெட்டுன்னா வாங்குறது, கொண்டுவர்றது, அதானே? ஸ்கூல்ல அப்படித்தானே சொல்லிக்கொடுத்தாங்க?"

அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள், எனக்கும் அப்படித்தான். அகராதியைப் புரட்டினால் 'பெறு, அடை' என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். ஆனால் ஆங்கிலம் பேசுகிறவர்கள் இந்த மூன்றெழுத்துச் சொல்லை வைத்துக்கொண்டு காபி வாங்குவார்கள், கல்யாணம் பண்ணுவார்கள், பஸ்ஸில் ஏறுவார்கள், கோபப்படுவார்கள், முடி வெட்டிக்கொள்வார்கள், நாம் சொன்னது புரிந்தது என்றும் இதிலேயே சொல்லிவிடுவார்கள்.

இதில் மிரள ஒன்றுமில்லை. நம்மிடம் 'அடி' இல்லையா? ஆபீஸில் ஒரு சீன நண்பர் ஆசையாகத் தமிழ் கற்றுக்கொள்கிறார், அடி என்றால் கையால் ஓங்கி அடிப்பது என்று குறித்துவைத்திருந்தார். அப்புறம் ஒரே வாரத்தில் வெயில் அடித்தது, போன் அடித்தது, சுவருக்குப் பெயின்ட் அடித்தார்கள், ஒருவர் மொட்டை அடித்துக்கொண்டு வந்தார், இன்னொருவருக்கு ஃபோர் டி லாட்டரி அடித்தது. யார் யாரை அடிக்கிறார்கள் என்று அவர் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. நாம் யாரும் 'அடி'யின் அர்த்தங்களைப் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்ததில்லை, பக்கத்தில் என்ன சொல் நிற்கிறது என்று பார்த்துத்தான் புரிந்துகொள்கிறோம். 'கெட்'டுக்கும் அதே வழிதான். இன்னொரு ஆறுதல் வேண்டுமென்றால், ஆங்கிலத்திலேயே அர்த்தக் கணக்கில் 'கெட்' முதலிடம் இல்லை. ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் 1989ஆம் ஆண்டு இரண்டாம் பதிப்பில் 'செட்' என்ற வினைக்கு 430 அர்த்தம் கொடுத்திருந்தார்கள், பிறகு புதுப்பித்தபோது 'ரன்' 645 அர்த்தத்தோடு அதைத் தாண்டிப் போய்விட்டது.

சரி, விஷயத்துக்கு வருவோம். 'கெட்' ஆங்கிலத்துக்குப் பிறந்த வீட்டுச் சொல் இல்லை, வைக்கிங்குகள் என்று சொல்கிறோமே, அந்த வடக்கத்திக்காரர்களின் பழைய நார்ஸ் மொழியிலிருந்து வந்தது. அங்கே அது 'கெடா', கைக்கு வந்து சேர்வது என்று பொருள். மறப்பதற்கு ஆங்கிலத்தில் 'ஃபர்கெட்' என்கிறோமே, அதற்குள் இருக்கும் 'கெட்'டும் இதே வேரில் முளைத்ததுதான்; பிடியிலிருந்து நழுவவிடுவது என்பது அதன் ஆதிப் பொருள். இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. 'கெட்' வரும் கிட்டத்தட்ட எல்லா இடத்திலும் ஒரு பழைய நிலை மாறிப் புது நிலை வருகிறது. முன்பு கையில் இல்லாதது இப்போது கையில் இருக்கிறது, அல்லது முன்பு இங்கே இருந்தவன் இப்போது அங்கே இருக்கிறான், அல்லது முன்பு சும்மா இருந்தவன் இப்போது கோபமாக இருக்கிறான். மாற்றம் இல்லாத இடத்தில் 'கெட்' பெரும்பாலும் வேலை செய்யாது. என்ன மாறியது என்பதை 'கெட்'டுக்கு அடுத்து வரும் சொல் காட்டிக்கொடுத்துவிடும். அதனால் 'கெட்'டையே முறைத்துப் பார்க்காமல் அடுத்த சொல்லைப் பாருங்கள்.

அடுத்து ஒரு பொருள் வந்தால் சுலபம். 'காட் எ லெட்டர்' ('கெட்'டின் இறந்தகாலம்தான் 'காட்') என்றால் கடிதம் வந்தது, 'காட் எ ஜாப்' என்றால் வேலை கிடைத்தது, 'கெட் மீ எ கோப்பி ஓ' என்றால் போய் ஒரு கோப்பி ஓ, அதாவது பால் சேர்க்காத காபி, வாங்கிக்கொண்டு வா. தமிழில் வந்தது, கிடைத்தது, வாங்கினேன் என்று மூன்று சொல் தேவைப்படும் இடத்தை ஆங்கிலம் ஒரே சொல்லால் மெழுகிவிடுகிறது, அவ்வளவுதான். காய்ச்சலும் இந்தக் கணக்கில் சேர்ந்துவிடும், 'காட் எ ஃபீவர்'. கதவு மட்டும் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். வாசலில் யாரோ மணி அடிக்கிறார்கள், அல்லது போன் அலறுகிறது, அப்போது 'கெட் த டோர்', 'கெட் த போன்' என்றால் நீ போய் அதைக் கவனி என்று பொருள். கதவென்றால் திற, கை நிறையச் சாமானோடு ஒருவர் நின்றாலும் திற. போனென்றால் எடு. யோசித்துப் பார்த்தால் நாமும் "போனை எடு" என்றுதான் சொல்கிறோம், மேசையிலிருந்து தூக்கிக் காட்டு என்றா அதற்கு அர்த்தம்?

புரிவதும் இந்த வகைதான். 'ஐ டோன்ட் கெட் இட்' என்றால் எனக்குப் பிடிபடவில்லை. பாருங்கள், 'பிடிபடவில்லை' என்று நாமும் கையால் பிடிப்பதை வைத்துத்தான் சொல்கிறோம். புரிந்தது என்று எழுதுவதைவிட இந்த இடத்தில் பிடிபட்டது என்று மனதில் வைத்துக்கொண்டால் 'காட் இட்' ஜென்மத்துக்கும் மறக்காது.

அடுத்து ஒரு தன்மைச் சொல் வந்தால், ஏங்க்ரி, டயர்ட், கோல்ட், டார்க் மாதிரி, அங்கே 'கெட்' என்பது 'ஆகு'. இந்த இடத்தில் 'இஸ்' போடுவதா 'கெட்' போடுவதா என்று பலர் தடுமாறுவார்கள். மத்தியானம் மூன்று மணிக்கு எங்கள் புளோக் கீழ்த்தளத்தில் உட்கார்ந்திருப்பேன், ஐந்து நிமிடத்தில் வானம் கறுத்துவிடும், மாடியில் துணி காயப்போட்டிருக்கும் அக்கா எட்டிப் பார்த்து "இருட்டிக்கிட்டு வருதே" என்பார். அந்த 'இருட்டிக்கிட்டு வருது'தான் 'இட்ஸ் கெட்டிங் டார்க்'. மழை கொட்ட ஆரம்பித்த பிறகு 'இட்ஸ் டார்க்', இருட்டாக இருக்கிறது. முதலாவது நகர்ந்துகொண்டிருக்கிறது, இரண்டாவது உட்கார்ந்துவிட்டது. கல்யாணமும் இப்படியே. 'ஷீ இஸ் மேரிட்' என்றால் அவர் கல்யாணமானவர், 'ஷீ காட் மேரிட் இன் ஜூன்' என்றால் ஜூன் மாதம் அவருக்குக் கல்யாணம் நடந்தது. ஆமாம், இன்னாரோடு கல்யாணம் என்று சொல்ல 'மேரிட் வித்' போடாதீர்கள், 'மேரிட் டு' என்றுதான் வரும். தமிழில் 'ஓடு' வருவதால் நமக்கு 'வித்' தானாக வாயில் வந்துவிடுகிறது.

இதற்குப் பக்கத்து வீடு 'காட் ஸ்கோல்டட்', 'காட் ஃபைன்ட்' வகை. திட்டப்பட்டான், அபராதம் விதிக்கப்பட்டது என்று செய்தித்தாள் மொழியில் இதை விளக்குவார்கள், எனக்கு அது பிடிக்காது, ஏனென்றால் வீட்டில் யாரும் திட்டப்படுவதில்லை, திட்டு வாங்குகிறார்கள்! வாத்தியாரிடம் அடி வாங்கினான், அம்மாவிடம் திட்டு வாங்கினான். 'வாங்கு' என்ற அதே சொல்லை நாமும் இங்கே கொண்டுவந்து வைத்திருக்கிறோம், ஆங்கிலக்காரன் 'கெட்'டை வைத்த அதே இடத்தில். சிங்கப்பூரில் இதற்கு மூன்றாவது ஆளும் உண்டு, மலாய்க்காரர்களின் 'கெனா'. "கெனா ஃபைன்", "கெனா ஸ்கோல்ட்" என்று கோப்பிக் கடையில் நாள் முழுக்கக் கேட்கலாம். ஒரே மேசையில் தமிழர், மலாய்க்காரர், ஆங்கிலம் மட்டும் பேசுகிற பொடியன் மூவரும் உட்கார்ந்து, பார்க்கிங் அபராதம் பற்றி மூன்று மொழியில் ஒரே மாதிரி அலுத்துக்கொள்ள முடியும். ஒரு வித்தியாசம், 'கெனா' பெரும்பாலும் கெட்டதுக்குத்தான் வரும், 'கெட்' நல்லதுக்கும் வரும், 'காட் ப்ரமோட்டட்' என்று தாராளமாகச் சொல்லலாம்.

இனிமேல்தான் உண்மையான வம்பு. இதில் அடி வாங்கியவன் நான்.

2009. ஒரு சரக்குக் கிடங்கில் அட்மின் வேலை. திங்கட்கிழமை மேலதிகாரியம்மா மெயில் போட்டிருந்தார், 'ப்ளீஸ் கெட் த ஃபார்ம் சைன்ட் பை ஃப்ரைடே'. நான் முதல் பாதியை மட்டும் மனதில் ஏற்றிக்கொண்டேன், கெட் த ஃபார்ம், படிவத்தை வாங்கு. வாங்கினேன். கசங்கிவிடக் கூடாதென்று பிளாஸ்டிக் உறையில் போட்டு மேசை டிராயரில் பத்திரமாக வைத்தேன், செவ்வாயும் புதனும் அது அங்கேயே சுகமாக இருந்தது. வெள்ளி மாலை ஐந்து மணிக்கு ஃபார்ம் எங்கே என்றார், பெருமையாக எடுத்து நீட்டினேன். கையெழுத்துப் போடும் கட்டம் காலி. போட வேண்டிய வாடிக்கையாளர் மத்தியானமே பினாங்குக்கு விமானம் ஏறியிருந்தார். திட்டு வாங்கினேன், மேலே சொன்ன அதே அர்த்தத்தில்.

அந்த வாக்கியத்தின் உயிர் கடைசியில் இருந்த 'சைன்ட்' என்ற சொல்லில் இருந்தது, நான் அதை வால் என்று நினைத்து விட்டுவிட்டேன். 'கெட்', பிறகு ஒரு பொருள், பிறகு முடிந்துபோன வினை, இந்த வரிசையில் வந்தால் அந்தப் பொருளுக்கு அந்த வேலை நடந்து முடியும்படி நீ பார்த்துக்கொள் என்று பொருள். யார் கையால் நடந்தாலும் சரி. படிவத்தில் கையெழுத்து விழ வேண்டும், அதற்கு நீ பொறுப்பு. ஆளையே குறிப்பிட்டுச் சொல்ல வேண்டுமென்றால் 'கெட் ஹிம் டு சைன் இட்', அவரைப் போடவை, அவரிடம் சொல்லிப் போடச் சொல். இங்கே நடுவில் 'டு' கட்டாயம். 'மேக் ஹிம் சைன்' என்றால் கையைப் பிடித்து முறுக்கிப் போடவைத்த மாதிரி கொஞ்சம் கடுமையாக இருக்கும், 'கெட்' அப்படியில்லை, பேசிக் கேட்டுச் சம்மதிக்கவைத்தது.

நம்மவர்களுக்கு இது ஏன் ஏறுவதில்லை என்று நான் யோசித்ததுண்டு. தமிழில் நாம் செய்பவரைப் பற்றி அவ்வளவு கவலைப்படுவதில்லை. "வீட்டைக் கட்டிப்பார், கல்யாணத்தைப் பண்ணிப்பார்" என்கிறோம், எந்த வீட்டுக்காரர் செங்கல்லைத் தொட்டார்? ஊரில் என் மாமனார் வீடு கட்டினார் என்றால் கொத்தனார் கட்டினார், மாமனார் குடை பிடித்துக்கொண்டு நின்றார் என்று எல்லாருக்கும் தெரியும். முடி வெட்டுவதும் அப்படியே. இங்கே லிட்டில் இந்தியாவில், அதாவது தேக்காவில், சலூனுக்குப் போய்வந்து "முடி வெட்டிட்டு வந்தேன்" என்கிறோம். இதையே ஆங்கிலத்தில் 'ஐ கட் மை ஹேர்' என்று அந்த ஆஸ்திரேலியரிடம் சொன்னால், கண்ணாடி முன்னால் கத்தரிக்கோலோடு நீங்கள் நின்ற காட்சி அவர் மனதில் ஓடும். 'ஐ காட் மை ஹேர் கட்' என்றால்தான் சலூன் வரும். ஆனால் இங்கே உள்ளூர்க்காரர்களிடம் பேசும்போது கவலை வேண்டாம், அவர்களும் "ஐ கோ கட் ஹேர்" என்றுதான் சொல்வார்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

பயணத்துக்கு வருவோம். அடுத்து ஓர் இடமோ திசையோ வந்தால் 'கெட்' என்பது போய்ச் சேர்வது. 'வாட் டைம் டிட் யூ கெட் ஹோம்', எத்தனை மணிக்கு வீடு போய்ச் சேர்ந்தாய். 'ஹோம்' என்றால் இடையில் 'டு' வராது, ஆபீஸ், ஏர்போர்ட் என்றால் 'டு' வரும். தமிழில் எல்லா வண்டியிலும் ஏறுகிறோம், எல்லாவற்றிலிருந்தும் இறங்குகிறோம். ஆங்கிலத்தில் பஸ், ரயில், விமானம் என்றால் 'கெட் ஆன்', 'கெட் ஆஃப்', கார், டாக்ஸி என்றால் 'கெட் இன்', 'கெட் அவுட்'. உள்ளே எழுந்து நடக்க முடிகிற வண்டியென்றால் 'ஆன்', குனிந்து நுழைந்து உட்கார வேண்டியதென்றால் 'இன்' என்று வைத்துக்கொள்ளுங்கள், முக்கால்வாசி சரியாக இருக்கும். சைக்கிள், மோட்டார் சைக்கிள் மேலே ஏறி உட்காருவதால் அவையும் 'ஆன்'.

இங்கே ஊரிலிருந்து கொண்டுவந்த ஒரு பழக்கத்தை விட வேண்டியிருக்கும். பஸ்ஸிலிருந்து 'கெட் டவுன்' ஆவது நம் ஊர் ஆங்கிலம், இறங்கு என்பதில் கீழே போவது ஒளிந்திருப்பதால் 'டவுன்' போட்டுக்கொண்டோம். இந்தியாவில் எல்லாருக்கும் புரியும். வெளியே யாராவது 'கெட் டவுன்!' என்று கத்தினால் குனி, தரையோடு படு என்று அர்த்தம். சிங்கப்பூரில் இரண்டும் இல்லாமல் 'அலைட்' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டார்கள், ரயிலிலும் பஸ்ஸிலும் எழுதிப் போட்டுப் போட்டு, கடைசியில் இங்குள்ள தமிழர்களும் "அடுத்த ஸ்டாப்புல அலைட் ஆயிடுறேன்" என்று சொல்லும் அளவுக்கு ஊறிவிட்டது. என் மகளுக்கு 'இறங்குறேன்' என்று சொல்லச் சொல்லி நான் படும் பாடு தனிக் கதை.

'டு'வோடு ஒரு வினை வந்தால் இரண்டு விதமாகப் பிரியும். 'ஐ காட் டு சீ த ஃபயர்வர்க்ஸ்' என்றால் வாணவேடிக்கை பார்க்க வாய்த்தது, கொடுத்துவைத்தவன். 'ஐவ் காட் டு கோ' என்றால் நான் போயாக வேண்டும். முன்னால் 'ஹேவ்' ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள், ஒட்டியிருந்தால் கட்டாயம். பேச்சில் அந்த 'வ்' காதில் விழாமலே போய்விடும், அப்போது சொல்பவர் முகத்தைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

அந்த 'ஹேவ் காட்' இன்னொரு வேலையும் செய்கிறது. 'ஹேவ் யூ காட் எ பென்?' என்றால் பேனா இருக்கிறதா, அவ்வளவுதான், வாங்கினாயா என்பதல்ல. பிரிட்டிஷ்காரர்கள் வாயில் இது சரளமாக வரும். அமெரிக்கர்கள் 'காட்டன்' என்று ஒரு வடிவம் வைத்திருக்கிறார்கள், அது பருத்தி இல்லை, 'கெட்'டின் மூன்றாம் வடிவம். இங்கே பள்ளியில் பிரிட்டிஷ் வழக்கு என்பதால் பிள்ளைகள் 'காட்' என்றே எழுதட்டும்.

இப்போது உள்ளூர்ச் சரக்கு. சிங்கப்பூரின் பேச்சு ஆங்கிலமான சிங்கிலிஷில் 'காட்' என்பது வேறு பிறவி. "தேர் காட் க்யூ ஆ?", "காட் சில்லி ஆர் நாட்?", "வேர் காட்!" இதில் எதிலும் யாருக்கும் எதுவும் கிடைக்கவில்லை. இது மலாய் 'அடா'வும் ஹொக்கியன் சீனத்தின் 'ஊ'வும் ஆங்கில உடை போட்டுக்கொண்டு வந்தது, அர்த்தம் இருக்கிறது, உண்டு. அங்கே வரிசை இருக்கா? மிளகாய் உண்டா இல்லையா? "வேர் காட்" என்பது மலாய் 'மானா அடா', எங்கே இருக்கு, அதாவது அதெல்லாம் ஒன்றுமில்லை, சும்மா சொல்லாதே. எனக்கு இதில் மிகப் பிடித்தது "ஐ காட் கோ ஜப்பான் பிஃபோர்". ஆங்கில வாத்தியார் கேட்டால் நெஞ்சைப் பிடித்துக்கொள்வார், ஆனால் தமிழில் சொல்லிப் பாருங்கள், நான் ஜப்பான் போனதுண்டு. போனது, உண்டு. கோ, காட். அச்சு அசலாக உட்காருகிறது. நம்மிடமிருந்து போனதில்லை, ஆனாலும் புதிதாக வருகிற நம்மவர்கள் சிங்கிலிஷ் 'காட்'டை இரண்டே நாளில் பிடித்துக்கொள்வதற்கும், இங்கிலாந்து 'காட்'டில் இருபது வருஷம் தடுமாறுவதற்கும் இதுதான் காரணம் என்று நான் நினைக்கிறேன்.

நல்ல ஆங்கிலம் பேசுங்கள் என்று 2000ஆம் ஆண்டு அரசாங்கமே ஓர் இயக்கம் தொடங்கியது, அது தன் வழியில் நடக்கட்டும். கோப்பிக் கடையில் "காட் கோப்பி ஆர் நாட்" என்று கேளுங்கள், ஒரு பாவமும் இல்லை. அதை அப்படியே மெயிலில் எழுதாதவரை சரி. மெயிலில் 'காட்' எழுதினால் தப்பில்லை, ஆனால் வீட்டு உடையில் ஆபீஸ் போன மாதிரி இருக்கும். 'ஐ காட் யுவர் மெயில்' என்பதை 'ரிசீவ்ட்' என்று மாற்றினால் சட்டை மாட்டியாயிற்று. நாமும் நண்பனிடம் "பணம் வந்துருச்சு" என்றும் கடிதத்தில் 'தொகையைப் பெற்றுக்கொண்டோம்' என்றும்தானே எழுதுகிறோம்.

அப்புறம் இந்த 'கெட் ஓவர்', 'கெட் பை', 'கெட் அலாங்', 'கெட் அவே வித்' கூட்டம். இதைப் பட்டியலாக மனப்பாடம் செய்யச் சொல்லும் புத்தகங்களை நான் நம்புவதில்லை, எதிரே வரும்போது ஒவ்வொன்றாகப் பழகிக்கொள்ளுங்கள், பின்னால் வரும் சின்னச் சொல்லே பெரும்பாலும் வழி காட்டும். 'ஓவர்' என்றால் ஒரு துக்கத்தையோ காய்ச்சலையோ தாண்டி வந்தாயிற்று. 'பை' என்றால் கைக்கும் வாய்க்குமாக ஒப்பேற்றுவது, சம்பளத்தில் பாதியை ஊருக்கு அனுப்பிவிட்டு மீதியில் ஓட்டுகிறோமே, அது. 'கெட் அப்' மட்டும் கவனம், அது படுக்கையை விட்டு எழுவது, கண் விழிப்பது 'வேக் அப்'. ஞாயிற்றுக்கிழமை நான் எட்டு மணிக்கு 'வேக் அப்', பத்து மணிக்குத்தான் 'கெட் அப்'.

இதையெல்லாம் மச்சினனுக்கு ஒரு ராத்திரியில் போனில் சொல்லி முடித்தேன், பாதியில் அவன் கொட்டாவி விட்டது கேட்டது. போன வெள்ளிக்கிழமை கான்கிரீட் போட்டு முடிக்க இரவு பதினொன்று ஆகிவிட்டதாம், மேனேஜர் அவனுக்கு 'குட் வொர்க், கெட் சம் ரெஸ்ட்' என்று செய்தி அனுப்பியிருக்கிறார். அதை அப்படியே எனக்குத் தட்டிவிட்டுக் கீழே ஒரு வரி எழுதியிருந்தான்.

"முஸ்தபா கடை திறந்திருக்குமா மச்சான், வாங்கிட்டு வந்துடுறேன்."